ஓடத் தெரிந்த வீடு

மட்டக்களப்பு ஆணுக்கு வீடு கிடையாது. குறை சொல்லவில்லை, வழமையைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு பெண் வீட்டில் வந்து இறங்குவார். அதன் பிறகு கிணறு இறைப்பது, வேலி அடைப்பது, சுவருக்கு வெள்ளை அடிப்பது எல்லாம் அவர் பாடு. உறுதி, அதாவது பத்திரம், மட்டும் மனைவி பெயரில். கோபம் வந்தால் "என் வீட்டை விட்டு வெளியே போ" என்று கத்தக்கூட எங்களுக்கு உரிமை இல்லை. (கத்திப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர்தான் வெளியே போனார்.)

அப்படிப்பட்ட ஊரில், பெண்சாதியின் வீட்டைப் பட்டப்பகலில், சபை நிறைந்திருக்க, கடத்திக்கொண்டு போன மருமகன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஆளுக்கொரு மாதிரிச் சொல்லித் திரிகிறார்கள். கடத்தியவன் வாயாலேயே கேட்டுவிடுவது நல்லது.

என் மனைவி பவளத்தின் சீதன வீடு செட்டிபாளையத்தில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் தென்னைகளும் நாங்களும். சுனாமி வந்த அன்று நான் டவுனில் என் ரேடியோ திருத்தும் கடையில் இருந்தேன். (ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கிற பேராசைக்காரன்.) பவளம் கைக்குழந்தையாக இருந்த எங்கள் மகள் சுகியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியே ஓடித் தப்பினாள். வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது. பின்னேரம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களைக் கண்டுபிடித்தேன். பவளம் அழவில்லை. "நீங்க பக்கத்தில இருக்கல்லயே" என்று மட்டும் சொன்னாள். அழுதது நான்தான். அடுத்த முறை எது வந்தாலும் உன் பக்கத்தில் நிற்பேன் என்று சுகியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றிய அழகைத்தான் இனிக் காணப்போகிறீர்கள்.

கடலுக்குப் பயந்து, பவளத்தின் தாய், என் மாமியின் சொந்தக்காரர் இருந்த உன்னிச்சைப் பக்கம் போனோம். குளத்தடி, வயல், நிம்மதி என்றார்கள். அங்கே ஷெல்லடி. பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடி ஓடினோம். பிறகு முகாம், கூடாரம், கடைசியில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பவளத்தின் அக்கா வீட்டில் ஒரு அறை. யுத்தம் முடிந்து கடல் பக்கத்து எழுவான்கரை முழுக்கக் கல்வீடு எழும்பிய காலத்திலும் பவளம் தன் காணிக்குப் போகமாட்டேன் என்று நின்றாள். களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போனால்கூட பஸ்ஸில் வாவிப் பக்கத்துச் சீட்டில்தான் இருப்பாள். கடல் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டாள். "நாளைக்குப் புள்ளைக்கு எந்த வீட்டக் குடுக்கிற?" என்று மாமி மூக்கைச் சிந்துவார். வீட்டுத் திட்டத்துக்காரர் வந்து கேட்டபோது பவளம் சொன்ன பதிலைக் கேட்டு அவர்கள் பேனையை மூடிவிட்டார்கள்.

"ஓடத் தெரியாத வீடு எனக்கு வேணாம்."

மற்றவன் என்றால் அதைத் துக்கத்தில் சொன்ன பேச்சு என்று விட்டிருப்பான். நான் ரேடியோ திருத்துகிறவன். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு: யார் எதைச் சொன்னாலும், அதை எப்படிச் செய்யலாம் என்று மண்டைக்குள் வயர் ஓடத் தொடங்கிவிடும்.

அந்த நேரம் பார்த்து, சுனாமிக்கு வந்திருந்த வெளிநாட்டு டொக்டர்கள் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு நாட்டுக்குத் திரும்பினார்கள். ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்த அவர்களுடைய பழைய சின்ன பஸ் விலைக்கு வந்தது. உள்ளே கட்டில் இருந்தது, கை கழுவும் தொட்டி இருந்தது, காஸ் அடுப்பு வைக்க இடம் இருந்தது, யன்னலுக்குத் திரை இருந்தது. வீட்டுக்கு வேறென்ன வேண்டும்? எனக்குச் சொந்தமாக இருந்த ஒரே சொத்தான மோட்டார் சைக்கிளை விற்று, கடையில் இருந்ததையும் வழித்துத் துடைத்துப் பஸ்ஸை வாங்கி, மட்டக்களப்பு வழமை தவறாமல் பவளத்தின் பெயரில் எழுதினேன்.

பவளம் ஏறிப் பார்த்தாள். கட்டிலில் இருந்து பார்த்தாள். திரையை இழுத்துப் பார்த்தாள்.

"கடல் வந்தா உடன ஸ்ராட் வருமா?"

"சாவியத் திருப்பினாச் சரி."

"அப்ப சரி" என்றாள். அவ்வளவு வருசத்தில் அவள் காணிக்குத் திரும்புவதற்குச் சொன்ன முதல் சம்மதம் அது. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

திருத்த வேலைக்குக் காத்தான்குடி றகீம் காக்கா வந்தார். (காக்கா என்றால் அங்கே அண்ணன்.) காக்கா சோபா செய்கிறவர். நடுவில் சில காலம் அரபு நாட்டில் ஒரு முதலாளிக்கு ட்ரைவராக இருந்தவர். "தம்பி, அங்க அறபிமார் பாலைவனத்துக்கு இப்பிடி வீட்ட இழுத்துக்கிட்டுத்தான் போறாங்க. உள்ள ஏசி இரிக்கும், ஐஸ் பெட்டி இரிக்கும், குளிக்க ஷவர் இரிக்கும். என்ட கையால தொடச்சிரிக்கன்" என்றார். துடைத்தவருக்குச் செய்யவும் தெரியும் என்று நான் எடுத்துக்கொண்டேன். ரேடியோக்காரனும் சோபாக்காரனும் சேர்ந்து ஒரு பஸ்ஸைத் திருத்தினால் எப்படி இருக்கும் என்று கேட்க அன்றைக்கு எங்களுக்கு ஒரு நல்ல மனிதர் கிடைக்கவில்லை.

கூரை ஒழுகியது, தார் பூசினோம். வெயிலில் தார் உருகி உள்ளே ஒழுகியது. அதற்கு மேல் தகரம் அடித்தோம். மழைக்கு அது போட்ட சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. தகரத்துக்கு உள்பக்கம் காக்கா சோபாவுக்கு வைக்கிற பஞ்சை வைத்து, சிவப்பு வெல்வெற் துணியால் மூடி, தங்க நிறத் தும்பு தொங்கவிட்டார். பஸ்ஸுக்குள் போனால் கல்யாண மேடைக்குள் போன மாதிரி இருக்கும். (பவளத்துக்கு அது பிடித்திருந்தது. எனக்கும்தான், என்ன பொய்?)

தண்ணீருக்குப் பெரிய பிளாஸ்ரிக் பீப்பா ஒன்றைக் கூரையில் ஏற்றினோம். கிணற்று மோட்டரிலிருந்து பீப்பாவுக்குக் குழாய். பீப்பாவிலிருந்து அடுப்படிக் குசினித் தொட்டிக்கும் ஷவருக்கும் இன்னொரு குழாய். பொருத்துகள் ஒழுகின இடத்தில் சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றினேன். காக்கா தட்டிப் பார்த்துவிட்டு, "உலகம் அழியிற கியாமத்து நாள் வரைக்கும் கழராது" என்றார்.

பிறகு கரண்ட் வேலை. அது என் தனி ராச்சியம். ஐஸ் பெட்டி, ஃபேன், ரேடியோ, சாமிப் படத்துக்கு ஓடி ஓடி எரிகிற கலர் பல்ப் எல்லாம் பூட்டினேன். நிற்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துப் பற்றரிக்கு சார்ஜ் ஏற்றுவது. ஓடும்போது என்ஜின் தருகிற கரண்டில் ஐஸ் பெட்டியை ஓட்டுவது. என்ஜின் கரண்டு முழுவதும் ஐஸ் பெட்டிக்குப் போனால் பற்றரிக்கு என்ன போகும் என்ற கேள்வி என் மூளைக்கு எட்டவில்லை.

பராமரிப்பில் ஒரு குறையும் விடவில்லை. காலையில் எழும்பியதும் தேத்தண்ணிக்கு முன்னால் நான் செய்யவேண்டியது பஸ்ஸை ஸ்ராட் பண்ணுவது. பவளம் அக்கா வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டாவது திருப்பில் பிடித்தால் அன்று முழுக்க என்னோடு கதைக்கமாட்டாள். எண்ணெய், தண்ணி, ரயர்க் காற்று எல்லாவற்றையும் அவளே குனிந்து பார்ப்பாள். எனக்கு ஒரு மேலதிகாரியின் கீழ் வேலை செய்த அனுபவம் இல்லாத குறை அப்போது தீர்ந்தது.

கடைசியில் பஸ்ஸைச் செட்டிபாளையம் காணிக்குக் கொண்டுபோய்க் குடிபூர (புதுமனை புக) நாள் வைத்தோம். சக்கரம் பூட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சுவதா என்று அக்கா புருசன் சிரித்தார். "வீடெண்டா வீடுதான். பால் பொங்காம என்ட புள்ள அதுக்குள்ள படுக்கமாட்டாள்" என்றார் மாமி. சரி என்றோம்.

பிரச்சினை பஸ்ஸை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பதில் வந்தது. நான் மேற்குப் பார்த்து, அதாவது றோட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். கடல் வந்தால் நேரே அடித்துக்கொண்டு போக வேண்டுமே.

"மருமகன், வீடு கிழக்கயெல்லோ பாக்கோணும்."

"மாமி, கிழக்க கடல். ஓடுறதெண்டா எப்பிடி ஓடுற?"

"குடிபூரக்க ஓட்டத்தப் பத்திக் கதைக்கிறீங்களே, நாக்க உள்ள வையுங்க."

"கதவு பின்னுக்கு வெட்டினாக் கிழக்கதானே பாக்கும் மாமி?"

"கண் ரெண்டும் லைற்றும் முன்னுக்கு இருக்கு. முகம் அதுதானே? முதுகால சாமி வருமா?"

பூசைக்கு வந்த ஐயரும் மாமி பக்கமே தீர்ப்புச் சொன்னார். "பூசை முடிஞ்ச உடன மேற்க பாக்கக் கிறுக்கிப் போடலாம்தானே" என்று பவளமும் சொன்னாள். பஸ்ஸைத் திருப்பி, மூஞ்சி கடலைப் பார்க்க நிறுத்தினேன். மாமி மாவிலைத் தோரணம் கட்டினார். அக்கா புருசன் குலை வாழை இரண்டைக் கொண்டுவந்து, கட்டுவதற்குத் தோதான இடமாகப் பார்த்து, பக்கக் கண்ணாடிகள் இரண்டிலும் கட்டிவிட்டார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

பஸ்ஸுக்குப் பின்னால் பந்தல். மணலுக்கு மேல் முகாமில் தந்த தார்ப்பாய்ப் படங்குகளை விரித்து, சொந்தக்காரர் எல்லோரும் காலை நீட்டி இருந்தார்கள். அவர்களில் சுனாமியில் ஓடாத ஆள் ஒருவரும் கிடையாது. உள்ளே பவளம் அடுப்பைப் பற்றவைத்துப் பால் பானையை வைத்தாள். பால் பொங்குகிற வரைக்கும் மாமி காவல் நின்றார். நேரம் கழித்து வந்த பெண்களுக்குக் குங்குமம் கொடுக்கப் பவளம் பந்தல் பக்கம் இறங்கிப் போனாள். நான் ட்ரைவர் சீட்டில் பட்டு வேட்டியோடு, வீட்டுக்காரத் தோரணையில் இருந்தேன். பக்கத்தில் காக்கா.

பீப்பாவை நிரப்பப் போட்ட கிணற்று மோட்டரை நிறுத்த நான் மறந்திருந்தேன். கூரைப் பீப்பா நிரம்பி, நெருக்கி, கியாமத்து நாள் வரைக்கும் கழராத பொருத்துக் கழன்றது. பீப்பாவும் சரிந்தது. தகரக் கூரையில் 'ஹோ' என்று ஒரு இரைச்சல். பஸ்ஸுக்கு முன்னால் கொட்டிய தண்ணீர், அடிப்பக்கத்தால் படங்கு வழியே ஓடிப் பந்தலில் இருந்தவர்களின் மடி நனைத்தது. இரைச்சலோடு, கடல் பக்கத்திலிருந்து, தண்ணீர்.

"தண்ணி வருகுது!" என்று ஒரு குரல். அடுத்தது, "ஐயோ, கடல்!"

எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்பதில்லை. கதவால் ஏறினார்கள், யன்னலால் ஏறினார்கள். யாரோ சுகியைத் தூக்கி என் மடியில் போட்டார்கள். ஐயர் தேங்காய்த் தட்டோடு எல்லோருக்கும் முதல் உள்ளே வந்திருந்தார். நான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், வாழை. மற்றதில் பார்த்தேன், அதிலும் வாழை. உள்கண்ணாடியில் பச்சைச் சேலை ஒன்று தெரிந்தது. பவளம் ஏறிவிட்டாள் என்று சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது.

காணிக்குள் ஒரு வட்டம் அடித்துத் திரும்பினேன். பந்தல் எங்களோடு வந்தது. பக்கத்து வீட்டு வயர் அறுந்தது, கிணற்றுக் குழாய் வந்தது, கொடியில் காய்ந்த யாருடையதோ கைலிச் சாரம் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. "ஓட்டு தம்பி, ஓட்டு! யா அல்லாஹ், ஓட்டு!" என்று காக்கா டாஷ்போர்ட்டில் குத்தினார். உள்ளே மாமி அடுப்படியை விட்டு அசையவில்லை. பொங்காத பாலை இறக்கக் கூடாதாம். ஒரு கையால் பானையைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஐயரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

களுதாவளை வழியே போகும்போது றோட்டோரத்தில் ஆட்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள். வாழை, தோரணம், கூச்சல், ரேடியோவில் பாட்டு. கல்யாண வீடு என்று நினைத்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் பால் பொங்கியது. "ஐயோ, தெக்குப் பக்கமாப் பொங்கிட்டே!" என்று மாமி வைத்த சத்தத்தில் நான் பிரேக் அடிக்கப் பார்த்தேன்.

களுவாஞ்சிகுடிச் சந்தியில் படுவான்கரைக்குப் போகும் பாலத்துக்குத் திரும்ப வேண்டும். தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. காக்கா தலையை வெளியே நீட்டி, "கடல் வருகுதாமே?" என்றார்.

"எங்க வாற? அது அங்கதானே கிடக்கு" என்றார் ஒருவர், வடையைக் கடித்துக்கொண்டு.

பஸ்ஸை நிறுத்தி என்ஜினையும் அணைத்தேன். பெரிய நிம்மதி. "பவளம், ஒண்டுமில்லையாம்" என்று சிரித்துக்கொண்டு பின்னால் திரும்பினேன். பச்சைச் சேலையும் திரும்பியது. அது பவளத்தின் அக்கா. அக்காவும் தங்கையும் குடிபூரலுக்கு ஒரே பச்சையில் சேலை எடுத்திருந்தார்கள்.

"பவளம் எங்க?" என்றார் மாமி.

சீட்டுக்குச் சீட்டு தேடினார்கள். சுகி, "அம்மா?" என்றாள். கடல் வரவில்லை என்று கேட்டாயிற்று, ஆனாலும் மனம் நம்பவில்லை. அவளைத் தனியே விட்டுவிட்டேன். மறுபடியும்.

சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. மறுபடி 'டிக்'. பற்றரியில் ஒரு சொட்டு இல்லை. ஐஸ் பெட்டி மட்டும் அருமையாகக் குளிர்ந்திருந்தது. "மகளை விட்டுட்டு வீட்டக் கொண்டு வந்திருக்கிறீங்களே மருமகன்!" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார். வடை சாப்பிட்ட மனிதரின் சைக்கிளை அவர் வாயைத் திறக்குமுன் எடுத்துக்கொண்டு மிதித்தேன். பட்டு வேட்டி செயினுக்குள் போனது. கிழித்துக்கொண்டு மிதித்தேன். வழியெல்லாம் செட்டிபாளையத்துப் பிள்ளையாருக்கு என்னென்ன நேர்ந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

காணியில் பவளம் இல்லை. கிழிந்த படங்கும் கவிழ்ந்த குங்குமக் கிண்ணமும்தான் கிடந்தன. கடற்கரைப் பக்கம் ஓடினேன். அங்கே, ஈர மணலில், காலை நீட்டிக்கொண்டு, பச்சைச் சேலையோடு அவள் இருந்தாள். கடலைப் பார்த்தபடி.

"பவளம்!"

திரும்பினாள். என் கோலத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"வீடு எங்க?"

"களுவாஞ்சிகுடிச் சந்தியில."

"பால் பொங்கிட்டா?"

"பொங்கிட்டு. தெக்குப் பக்கம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து மணலில் சாய்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் விழுந்து குழந்தை மாதிரி அழுதேன். "உன்ன விட்டுட்டு ஓடிட்டன் பவளம். திரும்பவும் விட்டுட்டன்."

"ஓம், ஓடிட்டீங்க. நானும் ஓடத்தான் வெளிக்கிட்டன். காலில பட்ட தண்ணி குளிர் கிணத்துத் தண்ணி மாதிரி இருந்திச்சு. நக்கிப் பாத்தன். உப்பில்ல. 'உப்பில்ல, உப்பில்ல' எண்டு கத்திக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால வந்தன். ஆருக்குக் கேட்ட?"

"பிறகு?"

"பிறகு என்ன? ஓடோணும் போலத்தான் இருந்திச்சு. ஆனா ஓடுற வீட்டத்தான் நீங்க கொண்டு போயிட்டீங்களே. தனிய நிண்டு என்ன செய்யிற? வந்து பாப்பம் எண்டு வந்தன். கொஞ்ச நேரம் தென்னையப் புடிச்சுக்கொண்டு நிண்டன். மறுகா இருந்திட்டன்." கடலைப் பார்க்க நாடியை நீட்டினாள். "அது அதுட பாட்டுக்குக் கிடக்கு."

அவள் எழும்பி மணலைத் தட்டினாள். கிணற்றடியைக் காட்டி, "அதுக்கு அங்கால அத்திவாரம் வெட்டினாச் சரி" என்றாள். "ஆழமா வெட்டோணும்."

"அப்ப பஸ்?"

"அத நீங்க வெச்சிருங்க. உங்களுக்குத்தானே ஓட்டம் வேணும்."

அத்திவாரம் வெட்டினோம், நானே இறங்கி வெட்டினேன். கல்வீடு எழும்பியது. பஸ்ஸை றகீம் காக்கா எடுத்துப்போய், சிவப்பு வெல்வெற்றோடு காத்தான்குடிக் கடற்கரையில் நிறுத்தி சர்பத் விற்றார். ஐஸ் பெட்டிக்கு நல்ல பெயர் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது வேறு. எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து எந்த வாகனம் புறப்பட்டாலும், ஓட்டோவாக இருந்தாலும் சரி, பவளம் அந்தப் பயணத்திலேயே இல்லாவிட்டாலும் சரி, "பவளம் ஏறிட்டாளா?" என்று கேட்காமல் ஸ்ராட் பண்ணமாட்டார்கள். கொழும்பு பஸ்ஸில் கொண்டக்டரிடம் அக்கா புருசன் அதைக் கேட்டு, அந்த அப்பாவி எல்லாச் சீட்டிலும் தேடியிருக்கிறார்.

போன ஆவணியில் சுகிக்குக் கல்யாணம். வழமைப்படி வீடு அவளுக்கு. சபைக்கு நடுவில் பவளம் உறுதியை மகள் கையில் கொடுத்தாள். புது மாப்பிள்ளை, நல்ல அமைதியான பிள்ளை, வங்கியில் வேலை, கைகட்டி நின்றார். மாமிக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. அதனால் தான் பேசுவதும் மற்றவர்களுக்குக் கேட்காது என்று நினைத்துச் சத்தமாகத்தான் பேசுவார். மாப்பிள்ளையைக் கிட்டக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மனே, இது அத்திவாரம் போட்ட வீடு. கொண்டு ஓட ஒண்ணா. ஓடுறதெண்டா இவளத்தான் கொண்டு ஓடோணும்."